ஆர்டர் ஏன் இரண்டு நாள் முன்பே முடிகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள உறுப்பினர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமைக் காய்கறிப் பெட்டிக்கு வியாழன் பகல் 11 மணியோடு ஆர்டர் ஏன் முடிந்துவிடுகிறது, வெள்ளி மாலை சொன்னால் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று பலர் கேட்கிறீர்கள். புதன்கிழமைப் பெட்டிக்கும் இதே கேள்வி வருகிறது. அது திங்கள் 11 மணிக்கு முடிகிறது. நியாயமான கேள்விதான். மற்ற கடைகளில் காய் வந்து அடுக்கில் உட்கார்ந்த பிறகு வாங்குபவர் வருகிறார். நம் கூட்டுறவு அங்காடியில் வாங்குபவர் சொன்ன பிறகுதான் காய் செடியை விட்டு இறங்குகிறது. இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது, எங்கே இடறும், அதில் உங்கள் கையில் இருப்பது என்ன என்பதை இந்த மடலில் விவரமாகச் சொல்கிறோம்.

11 மணிக்கு ஆர்டர் மூடியதும் மூன்று கணக்குகளை ஒன்றாகக் கூட்டுகிறோம்: வீட்டுப் பெட்டிகள், கடையில் நேரில் வாங்குவோருக்கான சரக்கு, பள்ளிச் சமையற்கூடங்களின் தேவை. கூட்டிய தொகையை விவசாயிவாரியாகப் பிரித்து, மாலைக்குள் ஒவ்வொருவருக்கும் பறிப்புப் பட்டியல் போய்விடும். ஆர்டரைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுதலாகவே கேட்போம். தரம் பிரிக்கும்போது கொஞ்சம் கழியும், வழியில் ஈரம் வற்றி எடை கொஞ்சம் குறையும்; அந்த ஐந்து பங்கு இதற்குத்தான். பறிப்பு மறுநாள் விடியலில்.

விடியலில் ஏன் என்றால், காய் பறித்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தனக்குள் இருக்கும் சர்க்கரையை எரித்து வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே விடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்கு வேகமாகும். நண்பகலில் பறித்த கீரை வயலின் சூட்டை உள்ளேயே சுமந்துகொண்டு வருகிறது. அதைக் குளிர் அறையில் வைத்தாலும் நடுவில் இருக்கும் கட்டு ஆற நெடுநேரம் ஆகும். எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு நீர் போனாலே கீரை வாடியது கண்ணுக்குத் தெரிந்துவிடும். விடியலில் பறித்து, நிழலில் வைத்து, ஈரத்துணி போர்த்தி, வெயில் ஏறுமுன் வண்டியில் ஏற்றிவிட்டால் இந்தப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அதற்கு எத்தனை கட்டு அறுப்பது என்று விவசாயிக்கு முந்தைய இரவே தெரிந்திருக்க வேண்டும். வெள்ளி மாலை வரும் ஆர்டருக்கு அன்று விடியலில் பறித்திருக்க வழியில்லை. குத்துமதிப்பாகக் கூடப் பறித்துவைத்தால் மிஞ்சுகிறது. குறைத்துப் பறித்தால் யாரோ ஒருவர் பெட்டியில் காய் இல்லை. மிஞ்சினாலும் குறைந்தாலும் அடி விழுவது பெரும்பாலும் விவசாயி தலையில். அதைத் தவிர்க்கத்தான் இந்த 11 மணி.

இதற்கு முன்னால் இன்னொரு ஆர்டர் இருக்கிறது. பலருக்கு அது கண்ணில் படுவதில்லை, எங்களுக்கோ அதுதான் முதன்மையானது: விதைப்புக்கு முன் வரும் ஆர்டர். கீரை விதைத்து 25 முதல் 40 நாளில் அறுப்புக்கு வரும். பீன்ஸுக்கு 50 முதல் 60 நாள். தக்காளி நாற்று நட்ட பிறகு 60 முதல் 85 நாள். முட்டைக்கோஸ் ரகத்தைப் பொறுத்து 70 முதல் 100 நாள். ஆகவே இன்று கடையில் இருக்கும் தக்காளியைப் பற்றிய முடிவு இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தாகிவிட்டது. 12 வாரத்துக்கு நிலைப் பெட்டி (முன்பே ஒப்புக்கொண்டு தொடர்ந்து வாங்கும் பெட்டி) எடுக்கும் உறுப்பினர்களும், பருவம் தொடங்குமுன் தேவையை எழுதிக் கொடுக்கும் பள்ளிகளும் இருப்பதால்தான் எத்தனை பாத்தி பீன்ஸ், எத்தனை வரிசை முட்டைக்கோஸ் என்று திட்டம் போட முடிகிறது. பீன்ஸை ஒரே நாளில் மொத்தமாக விதைக்கச் சொல்வதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி என்று தள்ளித் தள்ளி விதைத்தால் காய்ப்பும் தள்ளித் தள்ளி வரும். மொத்தமாக விதைத்தால் மூன்று வாரம் வெள்ளமாக வந்து, பிறகு ஒன்றுமில்லாமல் போகும்.

பள்ளி விடுமுறைத் தேதிகளை நாங்கள் இவ்வளவு முன்கூட்டி வற்புறுத்திக் கேட்பதற்கும் காரணம் வயலில்தான் இருக்கிறது. வெண்டை, வெள்ளரி, பீன்ஸ் மூன்றும் பறிக்கப் பறிக்கக் காய்ப்பவை. வெண்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். விட்டால் காய் முற்றி நாரோடும். முற்றின காய்க்குள் விதை திரளத் தொடங்கியதும் செடி தன் சத்தையெல்லாம் அந்த விதைக்கே அனுப்பும், புதுப் பூ குறையும். அதனால் பள்ளி மூடியிருக்கும் இரண்டு வாரமும் பறிப்பை நிறுத்த முடியாது. நிறுத்தினால் பள்ளி திறக்கும்போது செடி ஓய்ந்திருக்கும். விடுமுறைத் தேதி விதைப்புக்கு முன்பே தெரிந்தால், அந்த இரண்டு வாரத்தில் விளைச்சலுக்கு வருவது பூசணி, வெங்காயம், உருளைக்கிழங்கு போன்ற காத்திருக்கக்கூடிய பயிராக இருக்கும்படி நடவை மாற்றிவைக்கலாம். விதைத்த பிறகு சொன்னால் ஒரே வழிதான் மிச்சம்: கூடுதல் காயை வீட்டுப் பெட்டிகளில் சேர்ப்பது. விடுமுறை நாட்களில் உங்கள் பெட்டியில் வெண்டை கனமாக இருந்தால் அதன் காரணம் இதுவே. அதை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு வீடும், பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகளின் தட்டுக்குக் காய் வர உதவுகிறது.

பள்ளிச் சமையற்கூடப் பொறுப்பாளர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு ஒரு நாளில் குறைந்தது 400 கிராம் பழமும் காயும் என்று சொல்கிறது. ஐந்து பங்காகப் பிரித்தால் பங்குக்கு 80 கிராம். வேளைக்கு ஒரு பங்கு என்று வைத்தால் 300 பிள்ளைகளுக்கு 24 கிலோ. ஆனால் அது தோல் சீவி நறுக்கிய பிறகு சட்டியில் விழும் எடை, ஆர்டரில் எழுத வேண்டிய எடை அல்ல. உருளைக்கிழங்கு அந்த 400 கிராமில் சேராது; ஆனாலும் அதே 24 கிலோ சமைப்பதென்றால், தோலும் கண்ணும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகும், 24-ஐ 0.8 ஆல் வகுத்து 30 கிலோ எழுதுங்கள். தோலோடு வரும் பச்சைப் பட்டாணியில் உண்ணும் பகுதி ஐந்தில் இரண்டு பங்குதான். அதே 24 கிலோவுக்கு 60 கிலோ வேண்டும். பட்டாணிக்கும் உருளைக்கும் ஒரே அளவு எழுதுவதுதான் குறை விழுவதற்கு முதல் காரணம். தரக்குறைவோ எடைக்குறைவோ என்று சந்தேகிக்குமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எந்தக் காயை எந்த நாளில் சமைப்பது என்பதும் பறிப்போடு சேர்ந்தது. பறிப்பு செவ்வாய், வெள்ளி. எனவே கீரையைப் புதன்கிழமைக்கு வையுங்கள். திங்களுக்கும் செவ்வாய்க்கும் வெள்ளியன்று வந்த பூசணி, முட்டைக்கோஸ், கேரட், உருளை போதும். திங்கள் பட்டியலில் கீரை இருந்தால் அது மூன்று நாள் பழையதாகத்தான் இருக்க முடியும், யார் கொண்டுவந்தாலும்.

பள்ளிகளுக்கு இரண்டாம் தரக் காயும் அனுப்புகிறோம், குறைந்த விலையில். இதில் ஒரு கோடு இருக்கிறது, அதை நாங்கள் தாண்டுவதில்லை. வளைந்த கேரட், உருண்டையாக இல்லாத தக்காளி, தோலில் வடு விழுந்த பூசணி எல்லாம் இரண்டாம் தரம். நறுக்கிய பிறகு வித்தியாசமே தெரியாது. வெட்டுப்பட்டது, நசுங்கியது, பூஞ்சை கண்டது எந்தத் தரத்திலும் சேராது, உரக்குழிக்குப் போகும். நசுங்கின இடத்தில் திசு உடைந்து சாறு கசியும், அழுகல் அங்கிருந்து தொடங்கிப் பக்கத்துக் காய்க்குப் பரவும். மிகச் சிறிய உருளையும் பள்ளிக்கு அனுப்புவதில்லை. கிலோவுக்குத் தோல் அதிகம் போகும், சீவும் கைக்கு வேலை இரட்டிப்பாகும்; விலை குறைவு என்று வாங்கினால் கடைசியில் நட்டம்.

சரக்கு வந்திறங்கும்போது கிரேட்டைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஓட்டுநர் முன்னிலையிலேயே எடை போட்டு, காலி கிரேட்டின் எடையைக் கழித்து, ரசீதில் எழுதிக் கையெழுத்திடுங்கள். முன்பு வந்ததை முன்பு எடுங்கள். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேலேயோ 5 டிகிரிக்குக் கீழேயோ இருக்கட்டும். இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறைச் சூட்டில் விடக் கூடாது.

இனி வீட்டுப் பெட்டி. மழை, பூச்சி, வெயில் காரணமாக ஒரு காய் வராமல் போனால் அதற்கு ஈடாக அதே வகையில் வேறொன்று வைப்போம்: கீரைக்குக் கீரை, கிழங்குக்குக் கிழங்கு. ஒரு பெட்டியில் இரண்டுக்கு மேல் மாற்ற மாட்டோம். அதற்கு மேல் குறைந்தால் பணம் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும். ஒவ்வாமை இருந்தால் உறுப்பினர் அட்டையில் கட்டாயம் எழுதுங்கள், பெட்டி கட்டுபவர் அதைப் பார்த்துத்தான் மாற்றுவார். மருந்து தெளித்த பயிரை, மருந்துக்குரிய காத்திருப்பு நாள் முடியுமுன் பறிக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு வாரம் ஒரு காய் திடீரென்று காணாமல் போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அந்த வாரம் அதைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

கேரட்டிலும் உருளையிலும் மண் ஒட்டியிருப்பது கவனக்குறைவு இல்லை. கழுவி, சரியாக உலராமல் மூடிவைத்தால் அழுகல் சீக்கிரம் பிடிக்கும். சமைக்குமுன் கழுவுங்கள். கேரட்டில் தழை இருந்தால் வீட்டுக்கு வந்ததும் நறுக்கிவிடுங்கள், தழை கிழங்கின் நீரை இழுக்கும். தக்காளி காயாக இருக்கும்போது குளிர்பெட்டியில் வைத்தால் நன்றாகப் பழுக்காது, மணமும் வராது. 12, 13 டிகிரிக்குக் கீழே அதற்கு ஆகாது. நன்றாகப் பழுத்த பிறகு இரண்டொரு நாள் வைக்கலாம். வெள்ளரியும் வெண்டையும் அப்படியே, கடுங்குளிரில் பள்ளம் விழுந்து கொழகொழக்கும்.

உருளைக்கிழங்கை இருட்டில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பச்சையாகும், அதோடு சோலனின் என்ற கசப்பு நச்சும் கூடும். பச்சைப் பகுதியை ஆழமாக வெட்டி எறியுங்கள், கசந்தால் முழுவதையும் எறியுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கறுக்கும். வெங்காயத்தோடு ஒரே கூடையில் போட வேண்டாம். உருளையின் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும்.

வாழைப்பழம், ஆப்பிள், பழுத்த தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், கேரட் கசக்கும். “பெட்டி வந்த இரண்டாம் நாளே கீரை பழுத்துவிட்டது” என்ற புகார் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, அது எந்தப் பழத்தின் அருகில் இருந்தது என்பதைத்தான். கீரையை உலர்ந்த துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். துணி நனைந்தால் மாற்றுங்கள்.

விலையைப் பற்றியும் கேட்கிறீர்கள். விதைப்புக்கு முன் ஒப்புக்கொண்ட அளவுக்கு விலை அப்போதே முடிவாகிறது. சந்தையில் ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. அதனால் சில வாரம் நம் தக்காளி வெளியே விற்பதைவிடக் கூடுதலாகத் தெரியும், சில வாரம் பாதிதான் இருக்கும். மலிவான வாரத்தில் மட்டும் வாங்கிவிட்டு மற்ற வாரம் வெளியே போனால் அந்தப் பாரத்தை நிலைப் பெட்டி எடுப்பவர்களே சுமக்க நேரிடும். ஆண்டு முடிவில் மிஞ்சும் உபரி, ஒதுக்கு நிதி போக, அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துத் திருப்பித் தரப்படும். போட்ட பங்குத் தொகைக்கு ஏற்ப அல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 1844 டிசம்பர் 21 அன்று கடை திறந்த 28 பேர் கைக்கொண்ட முறை இது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி என்று சொற்பச் சரக்கோடு தொடங்கினார்கள். கலப்படம் இல்லை, சரியான எடை, கடன் இல்லை, பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. 1895-இல் அமைந்த சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் 1995-இல் வெளியிட்ட ஏழு கொள்கைகளிலும் ஆளுக்கு ஒரு வாக்கு இருக்கிறது. நாங்களும் கடன் தருவதில்லை. தாமதமில்லாமல் விவசாயிக்குப் பணம் போக வேண்டுமென்றால் பெட்டியோடு பில்லும் தீர்ந்தாக வேண்டும்.

குறை இருந்தால் பெட்டி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள்; கிரேட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் விவசாயி எண்ணும் பறித்த நாளும் இருக்கும், அதையும் சேர்த்துச் சொன்னால் எந்த வயல், எந்தப் பறிப்பு என்று உடனே தேட முடியும். ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியை நிறுத்தச் சொல்லும்போது அதற்கும் அதே 11 மணிதான் கெடு. முடிந்தால் பக்கத்து வீட்டாருக்கு மாற்றிவிடுங்கள், பெயரை மட்டும் எங்களிடம் சொன்னால் போதும். காலி கிரேட்டுகளைக் கழுவி, கவிழ்த்து உலர்த்தி, அடுத்த பெட்டி வரும்போது திருப்பித் தாருங்கள். ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் அடியில் பூஞ்சை பிடிக்கும், அடுத்து அதில் வருவது கீரையாக இருக்கலாம். அடுத்த பருவத்துக்கான நிலைப் பெட்டிப் படிவமும் பள்ளித் தேவைப் படிவமும் கவுண்டரில் இருக்கின்றன. நாற்றுவிடும் வேலை தொடங்குமுன் நிரப்பிக் கொடுங்கள்.

அன்புடன்,
கூட்டுறவு அங்காடிக் குழு