சிறைக்குப் போனவர் பாடக்கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பாடகர் மெர்ல் ஹேகர்ட் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் அவர் சிறையில் இருந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதில் எனக்கு வருத்தம். அந்த மனிதரின் பாட்டுக்கு வேரே அங்கேதானே இருக்கிறது!

1937இல் பிறந்தவர். கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்பீல்டு பக்கம், பழைய ரயில் பெட்டி ஒன்றை வீடாக மாற்றி அதில் குடியிருந்த குடும்பம். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட, அதற்கப்புறம் அம்மா பேச்சைக் கேட்காமல் வீட்டைவிட்டு ஓடுவது, சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு போவது, சீர்திருத்தப் பள்ளி, திருட்டு என்று போய், கடைசியில் சான் குவென்டின் சிறை. 21 வயது முடிந்ததும் அந்தச் சிறைக்குள்தான். அங்கே ஜானி கேஷ் என்ற பிரபல பாடகர் வந்து பாடியபோது கைதிகளோடு கைதியாக உட்கார்ந்து கேட்டவர், 1960இல் வெளியே வந்து தானே பாடகரானார். 1968இல் வந்த 'மாமா ட்ரைட்' பாட்டில் அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை, கெட்டுப்போனது நான்தான் என்கிறார். ஆனாலும் சிறைக்கதை முழுவதும் தெரிந்தால் ஜனங்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்திருக்கிறது. மறைக்காமல் சொல்லுங்கள் என்று தைரியம் கொடுத்தவரும் அதே ஜானி கேஷ்தான். 1972இல் அன்றைய கலிபோர்னியா ஆளுநர் ரொனால்ட் ரீகன் அவருக்கு முழு மன்னிப்பே கொடுத்தார்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம், எங்கள் தென்கடல் கரையில் கரைவலை இழுக்கிற ஒரு அண்ணன். இளவயதில் ஒரு அடிதடி வழக்கில் மதுரைச் சிறையில் மூன்று வருடம் இருந்தவர். வலை இழுக்கும்போது அம்பா பாட்டுக்கு அவர்தான் குரல் கொடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டு. இடையிடையே சொந்தமாகவும் கட்டிப் பாடுவார். அவர் அம்மா விடியற்காலையில் மீன் குழம்பும் சோறும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறி, உள்ளே கொடுக்க விடாததால் வாசல் வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து, அதே வாளியைத் திறக்காமல் ஊருக்குக் கொண்டுவந்த கதை ஒரு பாட்டில் வரும். அந்த இடம் வந்தால் பின்பாட்டுக்காரர்கள் சத்தம் தன்னால் இறங்கிவிடும். கயிறு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

இந்த வருடம் ஊர்த் திருவிழாவில் உள்ளூர்க் கலைஞர்கள் பட்டியலில் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். 'ஜெயிலுக்குப் போனவனை மேடை ஏற்றினால் பிள்ளைகள் என்ன படிக்கும்' என்று சிலர் சொல்ல, விழாக்காரர்கள் பெயரை அடித்துவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி மேடையில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தண்டனையை அனுபவித்து முடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது சார், இன்னும் எத்தனை வருடம்? பிள்ளைகள் படிக்க வேண்டியதே அந்தத் தூக்குவாளிப் பாட்டைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த திருவிழாவிலாவது அவருக்கு ஒரு அரைமணி நேரம் கொடுக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நிருபர் யாராவது பாம்பன் பக்கம் வந்தால், வலை இழுக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாம்பன்