வயலுக்குள் போகும் பாதையில் நமக்கும் உரிமை உண்டு: இங்கிலாந்துத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகளைத் திட்டமிடும்போது, பொங்கல் விழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கிராமப்புறத்தில் நடப்பதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பூங்காவில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டு வருவதைச் சொல்லவில்லை. 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று கைகாட்டி நிற்கும் வழியில், கோதுமை வயலுக்குள்ளும், ஆடுகள் மேயும் புல்வெளியிலும், சில இடங்களில் பண்ணை வீட்டு முற்றத்துக்குள்ளேயும் நுழைந்து நடப்பதைச் சொல்கிறேன்.

இதைச் சொன்னதும் நம்மவர்கள் பலரிடமிருந்து வரும் பதில், "அடுத்தவர் நிலத்துக்குள் போய் ஏன் வம்பை விலைக்கு வாங்கணும்?" என்பதுதான். நம்மைப் போல ஒருவர்கூட இல்லாத ஒரு கிராமத்துக்குள் குடும்பத்தோடு நடந்து போகும்போது வரும் தயக்கம் எனக்கும் தெரியும், அதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. நிலம் விவசாயியுடையது, அதன் மேல் போகும் பாதை பொதுவழி. நம் வீட்டு வாசலில் இருக்கும் தெருவைப் போலவே அதுவும் சட்டப்படி 'ஹைவே'. நில உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு அதைப் பூட்டவோ நகர்த்தவோ முடியாது, வழி இல்லை என்று பொய்யான பலகை வைத்து மக்களைத் திருப்பி அனுப்புவது 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 1,40,000 மைல் நீளத்துக்கு இப்படிப்பட்ட பாதைகள் இருக்கின்றன. அவற்றில் நடக்க நம் விசா என்ன, பாஸ்போர்ட் என்ன என்று எவரும் கேட்க முடியாது.

பாதையோரக் கம்பத்தில் மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் 'பிரைடில்வே', அதில் குதிரையும் போகலாம், 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சைக்கிளும் போகலாம், ஆனால் சைக்கிளில் வருபவர்தான் மற்ற இருவருக்கும் வழிவிட வேண்டும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடத்தில் பச்சை நிறக் குட்டிக் கோடுகள் ஃபுட்பாத், நீளக் கோடுகள் பிரைடில்வே. அப்புறம் ஒன்று, ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடமாட இடம் தருகிறது, இங்கே அப்படி இல்லை. இங்கிலாந்தில் பாதையை விட்டு விலகி விருப்பம்போல நடக்கச் சட்டம் உரிமை தருவது 8 சதவீத நிலத்தில்தான்.

பயிர் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். வயலின் குறுக்கே போகும் ஃபுட்பாத்தை உழலாம், ஆனால் விதைப்புக்காக முதலில் கிளறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு, பிரைடில்வே என்றால் இரண்டு மீட்டருக்கு, மறுபடியும் நடக்கத் தோதாக ஆக்கித் தர வேண்டும். வயல் ஓரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. எங்கள் பகுதியில் ஒரு பாதை உழவுக்குப் பிறகு சுத்தமாகக் காணாமல் போய், நான் கவுன்சிலுக்குத் திரும்பத் திரும்ப எழுதியும் பல மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. பாதையைக் காப்பது கவுன்சிலின் சட்டக் கடமை, ஆனால் ஒற்றை ஆளாக எழுதுவதும் ஒரு சங்கமே எழுதுவதும் ஒன்றல்ல.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வந்ததற்கு வருகிறேன். கவுன்சிலின் அதிகாரபூர்வப் பாதை வரைபடத்தில் இல்லாத ஒரு வழியைப் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தொடர்ந்து, அனுமதி கேட்காமல், வேலியை உடைக்காமல், ஒளிந்து மறையாமல் பயன்படுத்தி வந்திருந்தால், அது பொதுவழியாகிவிட்டது என்று கோர 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் வழி செய்கிறது. நிலத்துக்காரர் ஆட்சேபித்த நாளிலிருந்து பின்னோக்கி அந்த 20 ஆண்டுகளை எண்ணுவார்கள். ஒரே ஆள் 20 ஆண்டும் நடந்திருக்க வேண்டியதில்லை, பலருடைய ஆண்டுகள் சேர்ந்து கணக்காகும். 80களிலும் 90களிலும் இங்கே வந்து ஒரே வட்டாரத்தில் தங்கிவிட்ட நம் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போனது, கடைக்குக் குறுக்கே நடந்தது, கால்வாய் ஓரமாகக் காலாற நடந்தது எல்லாமே சாட்சியம்! அந்த இடத்தில் நாளைக்கு ஒருவர் வேலி போட்டால், கவுன்சிலின் சாட்சியப் படிவத்தில் அவர்கள் எழுதித் தரும் நான்கு வரிக்கு எடை உண்டு. ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தயங்குபவர்களோடு ஒரு இளைஞர் உட்கார்ந்தால் போதும்.

அந்த அதிகாரபூர்வ வரைபடங்களைக் கொண்டுவந்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பிருந்தே புழங்கி, அவற்றில் விடுபட்ட பாதைகள் தனிக் கதை. நடைப் பயணிகளுக்கான ரேம்ப்ளர்ஸ் அமைப்பு தன்னார்வலர்களைக் கொண்டு பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டதில் 49,000 மைலுக்கு மேல் அப்படி விடுபட்டிருக்கலாம் என்று தெரிந்தது. அவற்றைப் பதிவுசெய்ய முதலில் 2026 என்று கெடு வைத்தார்கள், பிறகு 2031 என்றார்கள், 2024 டிசம்பரில் கெடுவையே எடுத்துவிடப் போவதாக அரசு அறிவித்தது. எப்படியானாலும் பாதையைத் தேடிப் பதிவுசெய்ய ஆள் வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒரு பெயர்: பென்னி ராத்மன். 1932 ஏப்ரல் 24 அன்று டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டுக்குள் நில உரிமையாளர்களின் தடையை மீறி நடந்த தொழிலாளர் கூட்டத்துக்கு முன்னால் நின்றவர். ருமேனியாவிலிருந்து மான்செஸ்டருக்கு வந்த யூதப் பெற்றோரின் மகன், அப்போது வயது 20. அவரையும் சேர்த்து ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது.

ஆகவே அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இரண்டு விஷயங்களை எடுத்துப் பேசுங்கள். ஒன்று, அந்த ஞாயிற்றுக்கிழமை நடை: திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுவிட்டு, கன்றோடு நிற்கும் பசுக்களை விட்டு விலகி, குழந்தைகளும் பெரியவர்களும் ஒன்றாக நடக்க வேண்டும். இரண்டு, நம் பெரியவர்கள் வருடக்கணக்காக நடந்து பழகிய வழிகள் கவுன்சிலின் அதிகாரபூர்வ வரைபடத்தில் இருக்கின்றனவா என்று உட்கார்ந்து பார்த்து, இல்லாதவற்றைக் குறித்து வைக்க ஒரு மாலை நேரம். வழி பார்த்துக் கொடுக்கவும் படிவத்தோடு உட்காரவும் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சங்கங்களில் ஒன்றின் உறுப்பினர்