பாதுகாப்பு கூடினால் வேகம் குறையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மென்பொருளில் பாதுகாப்பைக் கூட்டினால் கணனி மந்தமாகிவிடும் என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒருவர் எழுதியிருந்தார். ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் எனக்கு, அதில் பாதிதான் சரி என்று படுகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், நினைவகத்தை வழக்கமாக 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 64 பைட்டில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. எங்கள் வகுப்பில் இருப்பவை 4 ஜிபி பழைய மெஷின்கள் (மழைக்குக் கரண்ட் போய் வந்தால் எழும்பவே யோசிக்கும்). அதில் இந்தக் குறிப்புகளுக்கே 64 எம்பி போய்விடும். அங்கே ஒரு பைட் கூட்டுவதென்றாலும் யோசிக்கத்தான் வேண்டும்.

பல பக்கங்களைச் சேர்த்த தொகுதியில், கையில் கிடைத்தது தலைப் பக்கமா (முதலாவதா), பின்னால் வரும் பின்பக்கமா என்று முன்பு திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 5.16 பதிப்பில், கெர்னல் நிரலாளர் மேத்யூ வில்காக்ஸின் 'ஃபோலியோ' என்ற தனித் தரவு வகை சேர்ந்தது. ஃபோலியோ என்றாலே அது பின்பக்கம் இல்லை. அதனால் அந்தச் சோதனை வேண்டாம். ஃபோலியோ வேண்டிய இடத்தில் வேறு வகையைக் கொடுத்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே பிடித்துவிடும். பாதுகாப்பும் கூடியது, வேலையும் மிச்சம்.

சரி, எல்லாமே இலவசம் இல்லைதான். பழைய தரவு கசியாமல் இருக்க, விடுவித்த நினைவகத்தை உடனே பூச்சியத்தால் நிரப்பும் ஏற்பாடு நேரத்தைத் தின்னும். வழக்கமாக அது அணைந்தே இருக்கும். ஓடும்போது நடக்கும் இந்த வேலையையும் கம்பைல் பண்ணும்போதே முடிந்துவிடும் சோதனையையும் கட்டுரையாளர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். அடுத்த வாரம் இதைப் பிரித்து எழுதினால், பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, ஹட்டன்