குடும்ப காருக்கு சிப் ட்யூனிங் தேவைதானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர்ல வாரா வாரம் வர்ற வாகனப் பக்கத்த விடாம படிக்கிறவன் நான், ஆனா எங்க வீட்டுல ரெண்டு மாசமா ஓடிட்டு இருந்த ஒரு பேச்சுக்கு அதுல பதில் கிடைக்கல, அதான் எழுதறேன். எங்ககிட்ட இருக்கறது 2022-ல வாங்கின ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். கம்பெனி கணக்குல 115 பிஎஸ் பவர், 178 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. நாலு வருஷ வாரண்டி முடியற நேரத்துல என் மச்சினன் வந்து, "மாமா, சிப் ட்யூன் பண்ணிருங்க, இழுவை கூடும், 35,000 ரூபாதான், லேப்டாப்ப மாட்டி ஒரு மணி நேரத்துல முடிச்சிருவாங்க"ன்னான்.

எனக்கும் ஆசைதாங்க. ஆழியார் தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, அம்மா, வீட்டம்மா, ரெண்டு பசங்க, டிக்கி நிறைய சாமான், ரெண்டாவது கியர்ல திரும்பறப்ப ஆர்பிஎம் (என்ஜின் சுத்தற வேகம்) 1500-க்கு கீழ இறங்கிருச்சுன்னா வண்டி அப்படியே சோர்ந்துரும், டர்போ வேலை செய்ய ஆரம்பிக்கறதுக்குள்ள பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சுருவாரு. அந்த இடத்துல கொஞ்சம் இழுவை கூட வேணும்னுதான் எனக்கு ஆசையே வந்துச்சு.

ஆனா படிச்சுப் பாத்தா பிரச்சனையே அங்கதான் இருக்கு. சிப் ட்யூனிங்னா சிப்ப மாத்தறது இல்லீங்க, இசியு-ல, அதாவது என்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்ல, இருக்கற சாஃப்ட்வேர மாத்தி எழுதறது. டர்போ பூஸ்ட, அதாவது என்ஜினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ற அளவ, ஏத்துவாங்க, அதுக்கு ஏத்த மாதிரி பெட்ரோலையும் ஸ்பார்க் அடிக்கற நேரத்தையும் (இக்னிஷன் டைமிங்) மாத்துவாங்க, டார்க் கூடிரும், அது நெசம்தான். ஆனா பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சற சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின்ல, ஆர்பிஎம் கம்மியா இருக்கறப்ப ஆக்சிலேட்டர போட்டு மிதிச்சா ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் தானா பத்திக்கற ஒரு சிக்கல் இருக்கு, எல்எஸ்பிஐ-ன்னு சொல்லுவாங்க. சாதாரண நாக்கிங்னா, அதாவது ஸ்பார்க்குக்கு அப்புறம் மிச்ச பெட்ரோல் தாறுமாறா வெடிக்கறதுன்னா, சென்சார் கண்டுபிடிச்சு டைமிங்க தள்ளி வச்சு காப்பாத்திரும், இதுல ஸ்பார்க்குக்கு முன்னாடியே பத்திருச்சே, அப்புறம் டைமிங்க தள்ளி என்ன ஆகப்போகுது? பிஸ்டனே ஒடைஞ்சு போற அளவுக்கு அடி விழும். இத தடுக்கறதுக்காகவே 2018-ல எஸ்என் பிளஸ், 2020-ல எஸ்பி-ன்னு என்ஜின் ஆயில் தரத்தையே புதுசா கொண்டு வந்தாங்க. மலையேறறப்ப, ஃபுல் லோடுல, கம்மி ஆர்பிஎம்ல கூடுதல் பூஸ்ட், நான் கேட்டது இதத்தான். போதாததுக்கு மேல ஏற ஏற காத்து லேசாகும், அதே பூஸ்ட் வரணும்னா டர்போ இன்னும் வேகமா சுத்தணும். சித்திரை வெயில்ல உள்ள போற காத்தும் சூடு. கம்பெனிக்காரங்க என்ஜின முழுசா பிழியாம விட்டு வச்ச இடைவெளி இதுக்கெல்லாம் சேத்துத்தான்.

கிளட்சும் அப்படித்தான், 178 டார்க்குக்கு கணக்கு போட்ட வண்டி, ட்யூன் பண்ணினா அதுக்கு மேல போயிரும். மச்சினனோட சொந்த கார்லயே ட்யூன் பண்ணி ஒரு வருஷத்துல அஞ்சாவது கியர்ல கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சுருச்சு.

இருந்தாலும் ஒரு கடைக்கு போய் கேட்டேன். என் கார டைனோல, அதாவது பவர அளக்கற மெஷின்ல, ஏத்தி முன்ன எவ்வளவு, பின்ன எவ்வளவுன்னு காட்டுவீங்களான்னா, அதெல்லாம் தேவையில்ல, நெறைய வண்டிக்கு போட்ட அதே சாஃப்ட்வேர் ஃபைல்தான்னாங்க. 95 ஆக்டேன் இல்லன்னா 100 ஆக்டேன் பெட்ரோல், அதாவது நாக்கிங்க கூடுதலா தாங்கற பெட்ரோல்தான் போடணும்னாங்க, மலைமேல எந்த பங்க்ல அது கிடைக்கும்னு நான் தேடறது? கூட வந்த வீட்டம்மா, இன்சூரன்ஸ்காரங்களுக்கு சொல்லணுமான்னு கேட்டாங்க. "யாருக்கும் தெரியாதுங்க, சர்வீஸ் விடறப்ப பழைய ஃபைல போட்டுத் தர்றோம்"னு பதில் வந்துச்சு. வெளிய வந்ததும் வீட்டம்மா, "தெரியாம செய்யற வேலைன்னா நம்ம பசங்க உக்கார்ற வண்டில வேண்டாங்க"ன்னாங்க. அதோட நான் முடிவு பண்ணிட்டேன்.

அந்த பதில்தான் எனக்கு இன்னும் ஆறல. மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சி விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது, புது ஆர்சி கார்டுல சிசி பக்கத்துலயே குதிரை சக்தியும் இருக்கு. 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல, அனுமதி இல்லாம மாத்தின ஓனருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமே கூட போடலாம்னு இருக்கு. மாட்டிக்கறது கடைக்காரர் இல்லீங்க, ஓனர். இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட சொல்லாம மாத்திட்டு ஆக்சிடெண்ட் ஆச்சுன்னா கிளெய்ம்ல தகராறு வரும். இத ஒரு வார்த்தை சொல்லாம காசு வாங்கறது தப்பு.

இப்ப வளைவுக்கு முன்னாடியே ஒன்னாவது கியருக்கு எறக்கி ஆர்பிஎம்-ம 2000-க்கு மேல வச்சு ஏத்தறேன், 1750-லயே முழு டார்க்கும் வந்துருது, போன வாரம் அம்மாவையும் கூட்டிட்டு போய்ட்டு வந்தோம், எங்கயும் திணறல.

ஐயா, புது கார் அறிமுகத்துக்கு முழு பக்கம் ஒதுக்கறீங்க, ஒரே ஒரு வாரம் இதுக்கு ஒதுக்குங்க. ட்யூன் பண்ணின காருக்கு கிளெய்ம் தருவீங்களா மாட்டீங்களான்னு இன்சூரன்ஸ் கம்பெனிகள கேட்டு அவங்க பதில அப்படியே போடுங்க, ஆர்டிஓ ஆபீஸ்லயும் கேளுங்க. மச்சினன் வயசு பசங்க நெறைய பேர் இந்த மாசமே காசு கட்ட ரெடியா இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொள்ளாச்சி.