இத்தாலியில் ஆண்டின் முதல் கடல் குளியல்: பயணத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இத்தாலிக்குப் பதிவு செய்திருக்கும் உங்களில் பலர், அங்கே ‘பிரிமோ பாஞ்ஞோ’ என்று கொண்டாடப்படும் ஆண்டின் முதல் கடல் குளியலில் கலந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கலந்துகொள்ளலாம். எந்த நாளில், எந்தக் கரையில் இறங்குவது என்பதை மட்டும் ஊரிலிருந்து கிளம்புமுன்பே முடிவு செய்துவிடுங்கள்.

துணிச்சல்காரர்கள் ஜனவரி 1 அன்றே இறங்கிவிடுகிறார்கள். வெனிஸின் லீதோ தீவுக் கடற்கரையில் அன்று கூட்டமாகக் குளிப்பது வழக்கம். வடமேற்கு இத்தாலியின் லிகூரியா கரையோர ஊர்களில் குளிர்கால முழுக்குக்கு ‘சிமெந்தோ’ என்று பெயர். அது டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் ஊருக்கு ஒரு நாளாக நடக்கும். ரோம் நகரில் புத்தாண்டு நண்பகலில் கவூர் பாலத்திலிருந்து தைபர் ஆற்றில் குதிக்கும் வழக்கம் 1946 முதல் இருக்கிறது. அது பழகிய சிலர் செய்வது. நாம் கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் குளியல் வசந்தத்தில்தான். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள், ஏப்ரல் 25 விடுதலை நாள், மே 1 ஆகிய விடுமுறைகளில் கடற்கரைக்கு உணவு கட்டிக்கொண்டு போவார்கள். முதலில் பிள்ளைகள் ஓடி இறங்குவார்கள். பெரியவர்கள் பலர் கணுக்காலோடு நின்றுவிடுவார்கள்.

ஏமாற்றுவது வெயில். ஏப்ரல் கடைசியில் காற்று 22 டிகிரியைத் தொட்டாலும் கடல் 15, 16 டிகிரியில்தான் இருக்கும். கடல் மெதுவாகக் குளிர்ந்து மெதுவாகச் சூடாவதால், பிப்ரவரி, மார்ச்சில்தான் அது மிகக் குளிர்ந்திருக்கும். லிகூரியாவில் ஜனவரி நீர் ஏறத்தாழ 14 டிகிரி. வெனிஸ் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது. குளிர்காலத்தில் 10 டிகிரிக்கும் கீழே போய்விடும். சென்னைக் கடல் ஜனவரியிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அதில் குளித்துப் பழகிய உடம்புக்கு முதல் முறையாக லீதோவின் ஜனவரி நீரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மே மாதப் பிற்பகுதியில் சிசிலியின் மொந்தெல்லோ விரிகுடா நல்ல தேர்வு: மணல் தரை, மெல்ல ஆழமாகும் கரை, 19 டிகிரியை ஒட்டிய நீர்.

குளிர்ந்த நீரில் முதல் ஆபத்து உடம்பு விறைப்பதல்ல, மூச்சு. தோல் சட்டென்று குளிரும்போது நம்மை அறியாமல் பெரிய மூச்சு ஒன்றை இழுப்போம். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். ஆகவே பாலத்திலிருந்தோ பாறையிலிருந்தோ குதிக்கவே கூடாது. கால், இடுப்பு, கை, கழுத்து, முகம் என்று நனைத்தபடி நடந்து இறங்குங்கள். மார்பளவு நீரில் நின்று, மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டிருங்கள். படபடப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தணியும்; அதன் பிறகே தலையை முழுக்கலாம். நீந்தினால் கரைக்கு இணையாக, கால் எட்டும் ஆழத்திலேயே நீந்துங்கள். 15 டிகிரி நீரில் புதியவருக்கு ஐந்து நிமிடம் போதும். விரல்கள் சேர்த்துப் பிடிக்க வராமல் போனால் தசைகள் குளிர்ந்துவிட்டன என்று பொருள். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அப்போது மூழ்கக்கூடும்.

வெளியே வந்த பிறகும் பத்து, இருபது நிமிடத்துக்கு உள்ளுடம்பின் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கம் கூடுவது கரையில்தான். துவட்டி, ஈரத்தை உடனே களைந்து, மேலுடம்பிலிருந்து தொடங்கி உலர்ந்த உடை போடுங்கள். கம்பளித் தொப்பியும் வேண்டும். அவற்றைப் போடும் வரிசையிலேயே பையில் அடுக்கி வையுங்கள், நடுங்கும் கைக்குப் பொத்தான் அடங்காது. உடனே சுடுநீரில் குளித்தால் தலைசுற்றி விழ நேரலாம். கரையில் கொடுக்கும் சூடான ஒயினையும் நடுக்கம் நின்ற பிறகே வாங்குங்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வெப்பத்தை வெளியேற்றும். அதற்கு முன் சர்க்கரை போட்ட தேநீர் நல்லது.

சேலை, சல்வார், பருத்திச் சட்டை எதுவும் வேண்டாம். நனைந்தால் கனத்து இழுக்கும், கரையிலும் உலராது. லிகூரியாவில் பல கரைகள் கூழாங்கல். சில அடியிலேயே ஆழம் வந்துவிடும், ரப்பர் காலணி அவசியம்.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆகாமல் கடலில் இறங்கக் கூடாது என்பதில் இத்தாலியத் தாய்மார் மிகக் கண்டிப்பு. இதற்கு வலுவான மருத்துவச் சான்று இல்லை. ஆனாலும் அங்கே பழகும் குடும்பத்துப் பிள்ளைகளை மதிய உணவுக்குப் பின் தண்ணீருக்குக் கூப்பிடாதீர்கள்.

ஏப்ரலில் பெரும்பாலான கரைகளில் உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். சிவப்புக் கொடி கண்டால் இறங்க வேண்டாம். அவசர எண் 112. கடலோரக் காவலுக்கு 1530. தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள், ஒருவராவது உலர்ந்த உடையில் கரையில் நிற்கட்டும்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சிமெந்தோவில் சேர விரும்புவோர், ஊரையும் நாளையும் பொறுத்து விதிமுறை மாறும் என்பதால், எங்களுக்கு முன்கூட்டியே எழுதுங்கள்; அறையைக் கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் பிடித்துத் தருகிறோம்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்