பெட்டியை வண்டியில் அனுப்பிவிட்டு நடக்கும் நடைக்கு 50 லிட்டர் பையை விற்றது குறித்துப் புகார்

மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் கடையில் 229 சிங்கப்பூர் வெள்ளிக்கு 50 லிட்டர் முதுகுப் பை ஒன்று வாங்கினேன். செப்டம்பரில் நானும் என் அக்காவும் ஸ்பெயினில் சாரியாவிலிருந்து சந்தியாகோ வரை, ஏறக்குறைய 115 கிலோமீட்டர், நடக்கப் போகிறோம். எனக்கு வயது 61. அதனால் பெட்டியைச் சுமக்கப் போவதில்லை. காலையில் விடுதி வாசலில் வைத்துவிட்டால் அடுத்த ஊர் விடுதிக்கு வண்டியில் வந்துவிடும்.

இதை உங்கள் விற்பனையாளரிடம் இரண்டு தடவை சொன்னேன். முதுகில் இருக்கப் போவது தண்ணீர், மழைச்சட்டை, ஸ்வெட்டர், மாத்திரை, கடவுச்சீட்டு, கொஞ்சம் பழம். இதற்கு 25 லிட்டரே தாராளம். அந்தத் தம்பியோ 'நீண்ட நடை' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இடம் பத்தலைன்னா என்ன செய்வீங்க?" என்று பெரிய பையை எடுத்துக் கொடுத்தார். நானும் நம்பி வாங்கிவிட்டேன்.

முதுகை அளக்கவே இல்லை. வீட்டில் என் மகள் தையல் டேப்பால் அளந்தாள். குனிந்தால் கழுத்துக்குப் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்மட்டம் வரை 41 சென்டிமீட்டர். பையில் அச்சிட்டிருப்பது 46 முதல் 51. இடுப்புப் பட்டை எலும்பின்மேல் உட்கார்ந்தால்தான் பாரம் தோளைவிட்டு இறங்கும். எனக்கு அது கீழே சரிந்து தொங்கியது.

பழகிப் பார்க்க இங்குள்ள மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டின் 11 கிலோமீட்டர் சுற்றுப்பாதைக்குப் போனோம். பை முக்கால்வாசி காலி. தண்ணீர்ப் போத்தல் அடியில் கிடந்து அடிக்கு அடி முதுகில் மோதியது. வீட்டுக்கு வந்து பார்த்தால், பையின் இடது தோள்வார் பையோடு சேரும் இடத்தில் தையல் இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்திருக்கிறது. உள்ளே மூன்று கிலோகூட இல்லை!

திருப்பிக் கொண்டுவந்தபோது, விலைச்சீட்டைப் பிய்த்துவிட்டதால் மாற்ற முடியாது என்றார்கள். இது சரியில்லை. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க சிங்கப்பூரில் 2012 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, கடைக்காரர் மறுத்து நிரூபிக்காதவரை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும்.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை, மரியாதையாகத்தான் பேசினார். அளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியது நீங்கள்.

என் முதுகை அளந்து, இடுப்புப் பட்டையும் மழையுறையும் உள்ள 25 லிட்டர் பையாக மாற்றி, மீதிப் பணத்தைத் தாருங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன். ரசீதும் படங்களும் இணைத்துள்ளேன்.

அக்கா இன்னும் பை வாங்கவில்லை. உங்கள் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்