குதிரையை அடிக்கும் முன் அதன் வலியைத் தேடுங்கள்

மூணாறு மலைப்பகுதியில் சவாரிக் குதிரை நடத்துவோருக்கும், அதற்கு அனுமதி வழங்கும் நிர்வாகத்தாருக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சென்ற ஞாயிறன்று சாலையோரத்தில் ஒரு சிறுவனைக் கீழே தள்ளிய பெண்குதிரையை நீங்கள் அறிவீர்கள். சிறுவன் காயமின்றித் தப்பினான். ஆனால் குதிரைக்கு அங்கேயே சாட்டையடி விழுந்தது. சண்டிக்குதிரையென்று முடிவுகட்டி, உடுமலைப் பக்கம் விற்கப்போவதாகவும் கேள்விப்படுகிறோம்.

சென்ற மழைக்காலம் வரை குழந்தைகளைச் சுமந்து சாதுவாக நடந்த அதே குதிரைதான், பிறகு சேணத்தின் வாரை இறுக்கும்போதெல்லாம் காதுகளைப் பின்னால் மடக்கிக் கடிக்க வந்தது. அன்று சேணத்தை இறக்கியபோது, பிடரி முடியும் இடத்தில் உள்ளங்கையளவு தோல் உரிந்து, ஈரத்துணியோடு சதை ஒட்டிக்கிடந்ததைக் கூடியிருந்த அனைவரும் கண்டோம். அந்தப் புண்ணின்மீதுதான் நாள்தோறும் சேணம் ஏறியிருக்கிறது, சேணத்தின்மீது ஆளும் ஏறியிருக்கிறார்கள்.

இந்தப் புண்ணாவது துணியை விலக்கியதும் தெரிந்தது. வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் இனமாதலால், குதிரை தன் நோவை இயன்றவரை மறைத்தே வைக்கும். அதன் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரப்பதால், நாளெல்லாம் புல்லின்றிச் சாலையோரம் நிறுத்தினால் வயிற்றில் புண் வரும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழித்தால், கடிவாளத்தைத் தொட்டதும் தலையை உதறும். குதிரை மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது தென்படும் 24 நடத்தைகளைத் தொகுத்து, அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் காணப்பட்டால் எலும்பு, தசை வலி இருக்கக்கூடும் என்று காட்டியிருக்கிறார். ஆகவே, குணம் மாறிய குதிரையை அடிக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிர்வாகத்தாருக்கு ஒன்று: வண்டி நிறுத்தக் கட்டணத்துக்கு ரசீது தர ஆளிருக்கும் இடத்தில், குதிரைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி இல்லை, நிழல் இல்லை. புண்பட்ட விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமென்று தெரிந்தும், சவாரிக்கு முன் சேணத்தைத் தூக்கிப் பார்க்க எவரும் வருவதில்லை.

குதிரைக்காரர்களின் பிழைப்பு அந்த முதுகில்தான் இருக்கிறது என்பதை அறிவோம். சவாரியை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பெண்குதிரையின் விற்பனையை நிறுத்திவைத்து, புண் ஆறும்வரை ஓய்வு கொடுத்து, முதுகு, வாய், வயிறு, குளம்பு ஆகியவற்றை அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டுமாறும், மற்றக் குதிரைகளுக்கும் சீசன் தொடங்குமுன் இச்சோதனையைக் கட்டாயமாக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களின் சார்பில் ஒருவர்